கேள்வி கேட்காமல் ரத்தம் எடுக்காதீர்கள்

பாலர் பள்ளிச் சமையலறையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் கிளைகள் நடத்தும் மருந்தகக் குழுமத்தின் தலைமை மருத்துவருக்கும், ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையைத் தொகுப்பாக விற்கும் மற்ற மருந்தகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும்.

மருத்துவர் அவர்களுக்கு,

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு எதிரே, சென்ற வாரம் உங்கள் பதாகை ஏறியது. தொடக்கநிலை ஒன்றுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கான உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பு. கண், பல், காது, உயரம், எடை. இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றுக்குக் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், ‘ஒரே முறை ரத்தம், 100க்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒவ்வாமைச் சோதனை’ என்று போட்டிருக்கிறீர்கள். பள்ளி விடுமுறை முடியும்வரை சலுகை விலை. இரண்டாவது பிள்ளைக்குப் பாதி விலை.

செருப்புக் கடையில் இரண்டாவது சோடிக்குப் பாதி விலை என்றால் எனக்குப் புரியும். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பிள்ளையின் கையில் ஊசியைக் குத்தி, கூட வந்த பாவத்துக்கு அவன் தம்பியின் கையிலும் பாதி விலையில் குத்துவது எனக்குப் புரியவில்லை. அந்த வரியைப் படித்த இரவுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவர் அல்ல. ஒரு பாலர் பள்ளியில் 16 ஆண்டுகளாகச் சமைக்கிறேன். காலை ஆறரைக்கு அடுப்பு மூட்டினால் எட்டு மணிக்குக் கஞ்சி, பதினொன்றரைக்குச் சோறு, மூன்றரைக்குப் பலகாரம். எழுபது பிள்ளைகள். என் சமையலறைச் சுவரில், உப்பு டப்பாவுக்கு மேலே, ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பது அதில் படத்துடன் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் அதில் மூன்று பெயர்கள். சென்ற ஆண்டு பதினான்கு. அந்தப் பதினான்கில் ஒன்பது பெயர்கள் மருத்துவர் கடிதத்தோடு வரவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூசிய ஆய்வுக்கூட அறிக்கையின் நகலோடு வந்தன. உங்கள் பதாகையில் இருக்கும் அதே மூன்று வண்ணங்கள்.

‘ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன நட்டம்’ என்று நீங்கள் கேட்கக்கூடும். நட்டம் என்ன என்று சொல்கிறேன்.

பட்டியலில் முதல் பெயர் ஒரு பையனுடையது. வேர்க்கடலை. அவனுக்கு எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை. நான்கு வயதில், பக்கத்துப் பிள்ளை கொடுத்த பிஸ்கட்டை ஒரு கடி கடித்தான். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கியது. பிறகு குரல் மாறியது. கரகரவென்று, கிழவர் பேசுவதைப்போல. அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆசிரியை அட்ரினலின் ஊசிப் பேனாவை அவன் தொடையில் அழுத்திப் பிடிக்க, நான் அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழைத்தேன். பிழைத்தான். அன்று முதல் ஊசிப் பேனா உள்ள அவனுடைய மஞ்சள் பை என் கண்ணெதிரே ஆணியில் தொங்குகிறது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, தக்காளி இல்லாமல் ஒரு கிண்ணம், பூண்டு இல்லாமல் ஒன்று, எள் இல்லாமல் ஒன்று, அரிசி இல்லாமல் ஒன்று, பாலும் கேரட்டும் இல்லாமல் ஒன்று என்று இப்படி ஒன்பது கிண்ணங்களைத் தனித்தனியாக எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். அதில் கவனம் போய், வேர்க்கடலை அரைத்த சாத்தே குழம்பு ஊற்றிய தட்டை அந்தப் பையனின் பெயர் ஒட்டிய இடத்தில் வைத்துவிட்டேன். உதவியாளர் பார்த்து எடுத்தார். அன்று முதல் எங்கள் சமையலறைக்குள் வேர்க்கடலையே வருவதில்லை. ஆனால் நான் கேட்பது வேறு: ஆபத்தே இல்லாத ஒன்பது பேரைக் காப்பாற்றும் மும்முரத்தில், உண்மையான ஆபத்துள்ள ஒருவனை நான் கொல்லப் பார்த்தேன். அந்தத் தவறு என்னுடையது. அந்த ஒன்பது கிண்ணங்கள் யாருடையவை?

அடுத்து என் வீட்டுக் கதை.

என் மகன் வயிற்றுப் பேத்திக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொறிந்து சொறிந்து தோல் தடித்திருக்கும். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை. தினமும் காலையில் ஒரு அவித்த முட்டை. மஞ்சள் கருவை எனக்குக் கொடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்பாள், அம்மா பார்க்காதபோது. மூன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சலின் இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. ஊரில் காணாக்கடி என்போமே, அதுதான். ஒரு பக்கம் மறையும், மறுபக்கம் கிளம்பும். மகனும் மருமகளும் பதறிப்போய் ஒரு மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உங்களுடையது அல்ல, வேறு ஒன்று. பெயர் வேண்டாம், ஏனென்றால் இது அந்த ஒரு மருந்தகத்தின் கதை மட்டுமல்ல.

அங்கே மருத்துவரின் அறையில் அவர்கள் ஐந்து நிமிடம் இருந்தார்கள். ‘ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்றார். நான்கு நாளில் கைப்பேசிக்கு அறிக்கை வந்தது. அதற்குள் தடிப்பெல்லாம் தானாக மறைந்துவிட்டிருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு 0.9. வேர்க்கடலை 0.6. கோதுமை 0.5. இறால் 1.8. வீட்டுத் தூசிப் பூச்சிக்கு மட்டும் 100க்கு மேல். 0.35ஐத் தாண்டியதெல்லாம் ‘நேர்மறை’. ஓரத்தில் ஒரு சொல்: தவிர்க்கவும்.

தவிர்த்தோம். முட்டை நின்றது, ரொட்டி நின்றது, இறால் நின்றது. கரப்பான் நிற்கவில்லை. மருமகள் மறுபடி போய்க் கேட்டபோது, இதைவிட விரிவான சோதனை ஒன்று இருக்கிறது என்றார்கள். ‘உணவு ஏற்காமை’ச் சோதனை. 120 உணவுகள், 380 வெள்ளி. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பால் சிவப்பு. தயிர் சிவப்பு. துவரம் பருப்பு சிவப்பு. தேங்காய் சிவப்பு. வாழைப்பழம் மஞ்சள். அரிசி மஞ்சள், வாரத்துக்கு ஒரு முறை தரலாமாம். தமிழ் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அரிசி வாரம் ஒரு முறை! பச்சை நிறத்தில் இருந்தவை சிப்பி, வான்கோழி, ஆலிவ், ரை தானியம். எங்கள் வீட்டுக்குள் அதுவரை எட்டிப் பார்க்காத பண்டங்கள்.

சிவப்பெல்லாம் நாங்கள் தினம் சமைப்பவை, பச்சையெல்லாம் நாங்கள் சமைக்காதவை. அது என் பேத்தியின் நோய்ப் பட்டியல் அல்ல, எங்கள் மளிகைப் பட்டியல். சமையல்காரி எனக்கு முதல் பார்வையிலேயே பட்டது இது. படித்தவர்கள் அச்சிட்ட தாளாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

ஐந்து மாதம். எடை ஒரு கிலோ குறைந்தது. அந்த வயதில் ஒரு கிலோ என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிறந்தநாள் விருந்துகளில் தன் டப்பாவைத் திறந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றபடி மற்ற பிள்ளைகளின் கேக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் தயிர்ச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, ‘பாட்டி, நீங்கள் விஷம் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டாள். விளையாட்டாக அல்ல. கவலையோடு.

கடைசியில் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி, அரசாங்க மருத்துவமனையில் ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். அறிக்கைகளை நீட்டினோம். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். தடிப்பு வந்த அன்று என்ன தின்றாள்? தின்று எத்தனை நிமிடத்தில் வந்தது? காய்ச்சல் முன்பா, தடிப்பு முன்பா? அதற்கு முந்தைய வாரம் முட்டை தின்றாளா? அப்போது ஏதாவது ஆனதா? இறால் எத்தனை முறை தின்றிருக்கிறாள்? தடிப்பு எத்தனை நாள் இருந்தது? முக்கால் மணி நேரம் இப்படி. உடனடி உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்றார். ஒரே உணவுக்கு ஒருமுறை வந்து மறுமுறை வராமல் இருப்பது அரிது என்றார். சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று காணாக்கடி வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான் காரணம், காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும் என்றார். முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஊசியே தேவைப்பட்டிருக்காது.

இறாலைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் இது எத்தனை வீடுகளில் நடக்கிறதோ. இறாலின் தசையில் டிரோப்போமயோசின் என்ற புரதம் இருக்கிறது. தூசிப் பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் அதற்கு மிக நெருங்கிய உறவுப் புரதம் இருக்கிறது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் தூசிப் பூச்சிக்குச் சொர்க்கம். மூக்கடைப்போடும் கரப்பானோடும் இருக்கிற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ரத்தத்தில், தூசிப் பூச்சிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பான் என்ற புரதம் கிடக்கிறது. அந்த எதிர்ப்பான் ஆய்வுக்கூடத்தில் இறாலையும் பிடித்துக்கொள்கிறது. அறிக்கையில் இறால் நேர்மறை. பிள்ளையோ இறால் வறுவலைத் தட்டுத் தட்டாகத் தின்று எந்தக் கோளாறும் இல்லாமல் இருக்கும். வேர்க்கடலையும் அப்படித்தான், அதற்கு எதிர்ப்பான் இருந்தால் பருப்பு, கடலை வகைகளுக்கும் நேர்மறை காட்டுவது வழக்கம், உண்மையில் அவற்றுக்கு ஒவ்வாமை இருப்பவர்கள் மிகச் சிலரே. பருப்பில்லாமல் ஒரு நாள் போகாத நமக்கு இது சின்ன விஷயமா?

பிறகு நானே தேடிப் படித்தேன். ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇ என்ற எதிர்ப்பானை 1960களில் அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியும் சுவீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதை ரத்தத்தில் அளக்கும் முறையும் விரைவில் வந்துவிட்டது. அது அருமையான கருவி. ஒவ்வாமைக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு; உடம்பு முழுவதும் கரப்பான் பரவி அதற்கு இடமில்லாத பிள்ளைக்கும், அரிப்பு மருந்தை நிறுத்த முடியாதவருக்கும் ரத்தச் சோதனைதான் கைகொடுக்கும். தோல் குத்துச் சோதனையை அந்த மருந்து கெடுத்துவிடும், ரத்தச் சோதனையைக் கெடுக்காது. ஆகவே சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதுதான் பிரச்சினை. ரத்தத்தில் எதிர்ப்பான் இருக்கிறது என்றால் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டிருக்கிறது என்று பொருள். தின்றால் வீங்கும் என்று பொருள் அல்ல. எண் கூடக்கூட, ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் தாக்கம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று அந்த எண் சொல்லாது. கரப்பான் உள்ள பிள்ளைக்கோ ஐஜிஇ பெரும்பாலும் மொத்தமாகவே ஏறிக்கிடக்கும். நூறு உணவைக் கேட்டால் பலவற்றுக்குத் தலையாட்டும். ‘முட்டை தின்று பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தாள்’ என்று தாய் சொன்ன பிறகு முட்டையை மட்டும் கேட்டால் அதே ரத்தம் நேர்மையான சாட்சி. எதையும் சொல்லாமல் கூண்டில் ஏற்றி நூறு பேரைக் காட்டி ‘இவனா, இவனா’ என்று கேட்டால் எந்தச் சாட்சியும் உளறத்தான் செய்யும்.

அந்த 380 வெள்ளிச் சோதனை அதுகூட இல்லை. அது அளந்தது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பான். உணவு உண்கிற எல்லோருக்கும் அந்த உணவுக்கு ஐஜிஜி உருவாகும். உடம்பு அந்த உணவைப் பழகிக்கொண்டதன் அடையாளமாகவே அதைப் பார்க்கிறார்கள். மளிகைப் பட்டியல் வந்ததன் மர்மம் இவ்வளவுதான். இதை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டறியக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008இலேயே எழுதிவிட்டது. 2012இல் கனடா நாட்டுக் கழகமும் அதையே சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்க ஒவ்வாமைக் கழகம், ஐஜிஜி சோதனையும் வேண்டாம், கண்மூடித்தனமாக ஐஜிஇ சோதனைகளை அடுக்குவதும் வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஒரு பாலர் பள்ளிச் சமையல்காரிக்கு இரண்டு மாலைப் பொழுதில் கிடைத்த செய்தி இது. உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். தெரிந்தும் விற்றீர்கள் என்று நம்ப மனம் வரவில்லை. இரண்டில் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நூறு உணவைப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியும் பொய். 1990களில் இங்கே ஒரு மருத்துவமனைக்கு உணவால் கடும் ஒவ்வாமைத் தாக்கம் கண்டு வந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, காரணங்களில் முதலிடத்தில் இருந்தது, குருவி எச்சிலால் கட்டும், காய்ச்சிக் குடிக்கும் பறவைக்கூடு. முட்டையும் பாலும் அதற்குப் பின்னால்தான். சத்துக்கென்று பாட்டிமார் ஆசையாக ஊட்டியது. எங்களுக்கு வந்த 120 உணவுகளில் பறவைக்கூடு இல்லை. வெந்தயம் இல்லை, பெருங்காயம் இல்லை. ரை தானியம் இருந்தது.

என் பேத்தியின் கதை இன்னும் முடியவில்லை. முடிந்திருந்தால் இந்த மடலையே எழுதியிருக்கமாட்டேன்; 380 வெள்ளி போனது போகட்டும் என்று விட்டிருப்பேன்.

பால், தயிர், பருப்பு, தேங்காய், அரிசி எல்லாவற்றையும் சிறப்பு மருத்துவர் அன்றைக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்த இரண்டாவது அறிக்கையை மடித்து மகனிடமே திருப்பிக் கொடுத்தார். கோதுமையும் அப்படியே, அத்தை ஒருத்தி தெரியாமல் பிஸ்கட் கொடுத்து அவள் தின்று ஒன்றும் ஆகாத கதையை நாங்கள் சொன்னதும் சிரித்துவிட்டார். வேர்க்கடலைக்கும் இறாலுக்கும் மருத்துவமனையிலேயே உண்ணக் கொடுத்துப் பார்த்தார்கள். தேறினாள். முட்டைக்கு வந்தபோதுதான் அவர் முகம் மாறியது. ‘எத்தனை மாதமாக நிறுத்தியிருக்கிறீர்கள்?’ என்று இரண்டு முறை கேட்டார். மறுபடி ரத்தம் எடுத்தார், முட்டைக்கு மட்டும். 0.9 ஆக இருந்தது 3.8 ஆகியிருந்தது. வீட்டில் கொடுக்காதீர்கள், இங்கே வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்.

படுக்கை, தாதி, மருந்து எல்லாம் தயாராக. மிளகு அளவு முட்டை. இருபது நிமிடம். இன்னும் கொஞ்சம். மூன்றாவது வாய்க்குப் பிறகு வாயைச் சுற்றிச் சிவந்தது, கழுத்தில் தடிப்பு, வாந்தி. ஐந்து மாதத்துக்கு முன்வரை தினம் ஒரு முட்டை தின்ற பிள்ளை.

தவிர்த்ததால்தான் வந்ததா என்று கேட்டேன். இந்த ஒரு பிள்ளையைப் பொறுத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்றார், நேர்மையான மனிதர். ஆனால் கரப்பான் உள்ள பிள்ளைகள், பழகிய உணவை நீண்ட நாள் விட்டுவிட்டால் தாங்கும் தன்மையை இழந்துவிடுவது மருத்துவர்கள் கண்டிருப்பதுதான் என்றார். தோல் வழியாக வரும் உணவுத் துணுக்கை உடம்பு பகையாகப் பார்க்கிறதாம். வாய் வழியாகப் போவதை உறவாகப் பழகுகிறதாம். லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைகள்தாம் எல்லாரும். பாதிப் பேருக்கு வேர்க்கடலையைச் சிறு வயதிலிருந்தே ஊட்டினார்கள், மறுபாதிக்கு ஐந்து வயதுவரை கண்ணில் காட்டவில்லை. தின்று வளர்ந்தவர்களிடம் வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. என் அப்பா திரையரங்கு வாசலில் கச்சாங் பூத்தே விற்றவர். தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி நிறைய வேர்க்கடலை போட்டு, பல் முளைக்காத பேரப்பிள்ளைகளுக்கும் மென்று ஊட்டுவார். சுத்தம் போதாது என்று திட்டுவோம். சுத்தத்தில் நாங்கள் சொன்னதுதான் சரி. மற்றதில் அவர் எங்களைவிட விவரமானவராக இருந்திருக்கிறார்.

ஆகவே தலைமை மருத்துவரே, ‘ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன நட்டம்’ என்பதற்கு என் பதில் இதுதான். என் பேத்தியின் பெயர் பட்டியலில் பொய்யாக ஏறியது. இப்போது உண்மையாக இருக்கிறது. கேக்கில் வெந்த முட்டையை அவள் தாங்குகிறாள். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். எப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்று முடிவெடுக்க அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார். ஆம், அதே ரத்தச் சோதனை. என்ன கேட்கிறோம் என்று தெரிந்தவர் கையில் அது நல்ல வேலைக்காரன்.

பெற்றோர்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மை. கேட்கிறோம். அதிலும் தமிழர்கள் நாம் பத்தியத்தில் ஊறியவர்கள். கரப்பான் என்றதும் கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, அது கரப்பான் பண்டம் என்று என் மாமியார் ஒரு பட்டியல் வாசிப்பார். அதுவும் பெரும்பாலும் ஆதாரமில்லாத பட்டியல்தான். ஆனால் அவருடைய பட்டியலில் நான்கைந்து பொருள்கள்தான் இருந்தன. பத்தியம் என்றால் அதை முறிக்க ஒரு நாளும் இருந்தது. நாள் பார்த்து, தலைக்கு ஊற்றி, நல்ல சாப்பாடு போட்டு முடித்துவைப்பார்கள். உங்கள் பட்டியலில் 120 இருக்கிறது, முறிக்கும் நாள் இல்லை. மாமியாரோடு நான் சண்டை போட முடிந்தது. முத்திரை வைத்த ஆய்வுக்கூடத் தாளோடு எந்த மருமகள் சண்டை போடுவாள்?

பயந்த தாய் கேட்பதையெல்லாம் கொடுப்பது மருத்துவர் வேலை என்றால் மருத்துவர் எதற்கு, கடைக்காரர் போதும்.

என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகவே கேட்கிறேன்.

எங்கள் புளோக்கிலும் மற்ற இடங்களிலும் கட்டியிருக்கும் அந்தப் பதாகையை இறக்குங்கள். நோய்க்குறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஒவ்வாமை ரத்தச் சோதனையைத் தொகுப்பில் சேர்த்து விற்பதை நிறுத்துங்கள், பாதி விலையிலும் சரி, இலவசமாகவும் சரி. உடல்நலச் சேவை விளம்பரங்களில் சொல்வது உண்மையாகவும் நிரூபிக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பது இந்நாட்டு விதி. நூறு உணவுக்கு ஒவ்வாமையை ஒரு குழாய் ரத்தத்தில் கண்டறியலாம் என்பதை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். பதிலை நான் சுகாதார அமைச்சுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவிருக்கிறேன். இந்த மடலின் நகலும் அங்கே போகிறது.

ஐஜிஜி சோதனையை உணவு ஒவ்வாமைக்கோ ‘ஏற்காமை’க்கோ எந்தப் பெயரிலும் பிள்ளைகளுக்கு விற்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிய பெற்றோரை அழைத்து, அந்தத் தாளை வைத்து எந்த உணவையும் நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். ஐஜிஇ சோதனையைப் பார்த்து முட்டையையோ பாலையோ நிறுத்திய பிள்ளைகளுக்கு மட்டும், வீட்டில் தாங்களாகத் திரும்பக் கொடுக்க வேண்டாம் என்றும், சிறப்பு மருத்துவரிடம் கடிதம் எழுதி அனுப்புகிறோம் என்றும் சொல்லுங்கள். அந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள். நாங்கள் அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணைத் தாருங்கள், ‘தவிர்க்கவும்’ என்ற சொல்லை அச்சிடாதீர்கள். அது பிள்ளையைப் பார்த்த மருத்துவர் சொல்லவேண்டிய சொல். சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிடுங்கள். சாலை விளக்குக்கு அவை இருக்கட்டும்.

ஒவ்வாமைக்காக ரத்தம் எடுக்க எழுதிக்கொடுக்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் முதலில் அந்தத் தாயிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வந்தது, முன்பு தின்றபோது என்ன ஆனது. பதிலைப் படிவத்தில் எழுதி, அதில் வந்த உணவுக்கு மட்டும் சோதனை கேளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் ஊசியையும் எடுக்காதீர்கள்.

பாலர் பள்ளிக்கு அனுப்பும் கடிதத்தில் உணவின் பெயரோடு, எந்த அளவுக்கு ஆபத்து, ஊசிப் பேனா வேண்டுமா, எந்த மாதத்தில் மறுபடி பார்க்கவேண்டும் என்பதையும் எழுதி உங்கள் கையொப்பம் இடுங்கள். கையொப்பம் இட மனம் வராத உணவின் பெயரை எழுதாதீர்கள்.

ஜனவரி முதல் வாரம் புதிய பட்டியல் என் கைக்கு வரும். உப்பு டப்பாவுக்கு மேலே அதை ஒட்டப்போவது நான். அதற்கு முன்பே உங்கள் பதில் வரவேண்டும்.

இப்படிக்கு,
பாலர் பள்ளிச் சமையல்காரர் ஒருவர்